படகு தளம்பினால் மணல்மூட்டை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எங்கள் கரையில் படகு கவிழ்ந்த செய்தி உங்கள் பத்திரிகையில் வரத்தான் செய்கிறது. "பலத்த காற்றினால் கவிழ்ந்தது" என்ற ஒரு வரியோடு காரணமும் முடிந்துவிடும். அதே காற்றில், அதே கரையிலிருந்து போன மற்றப் படகுகள் எப்படித் திரும்பி வந்தன என்று எவரும் கேட்பதில்லை. காற்றை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. படகுக்குள் பாரம் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது எங்கள் கையில். அதைப் பற்றியே இக்கடிதம்.

நாங்கள் சொல்வது 18 அடி தொடக்கம் 23 அடி வரையான பைபர் படகுகளைப் பற்றி. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டி இரண்டு மூன்று பேர் தொழிலுக்குப் போகிற சாதாரணப் படகுகள். கொக்கிளாய், நாயாறு, அளம்பில், சிலாவத்தை, கள்ளப்பாடு, மாத்தளன் என்று கிழக்கிலும், நாச்சிக்குடா, வலைப்பாடு, பள்ளிக்குடா என்று மேற்கிலும் வன்னிக் கடற்றொழிலின் பெரும்பகுதி இவற்றில்தான் நடக்கிறது.

படகு தளம்புகிறது என்றால் உடனே செய்கிற வைத்தியம், உரப்பையில் மணல் நிரப்பி இரண்டு மூன்று மூட்டையை அடியில் போடுவது. பாரம் கீழே போனால் தளம்பல் குறையும் என்பது சரிதான். ஆனால் அந்த மணல் மூன்று விதமாகப் பழிவாங்கும். முதலாவது, இந்த அளவுப் படகு ஏறத்தாழ 50 கிலோவுக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் தாழும். 150 கிலோ மணல் போட்டால் விளிம்பு மூன்று சென்ரிமீற்றர் கடலுக்குக் கிட்டப் போய்விடுகிறது. இரண்டாவது, கட்டாத மூட்டை முதல் பெரிய சரிவிலேயே தாழ்ந்த பக்கத்துக்கு வழுக்கும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து படகு எழும்பாது. மூன்றாவதுதான் மோசமானது. படகு தண்ணீரால் நிறைந்துவிட்டால் 50 கிலோ மணல் தண்ணீருக்குள்ளும் 30 கிலோவாகப் பாரம் காட்டும். மிதக்க வேண்டிய படகை அது கீழே இழுக்கும்.

அடிப்பாரம் வேண்டுமென்றால் 20 லீற்றர் பிளாஸ்ரிக் கான்களில் கடல்தண்ணீரை நிரப்புங்கள். ஐந்து கான் 100 கிலோ. படகு நிறைந்தாலும் கானுக்குள் இருக்கும் தண்ணீர் கடலுக்குள் பாரமே காட்டாது. மீன் பட்டுப் பாரம் ஏறும்போது மூடியைத் திறந்து ஊற்றிவிடலாம். மணலை அப்படிக் கொட்டிக்கொண்டிருக்க ஏலாது. இரண்டு நிபந்தனை: கானை வாய்வரை நிரப்ப வேண்டும், அரைக்கான் தண்ணீர் உள்ளே ஓடித் தளம்பலைக் கூட்டும். ஏராவின் (படகின் அடிக்கட்டையின்) மேலாக, நடுக்கோட்டில் வரிசையாக வைத்து அடியில் பதித்த வளையங்களோடு கட்ட வேண்டும்.

எந்தப் படகு உறுதியானது என்பதிலேயே எங்கள் ஆட்கள் பலருக்குத் தலைகீழான எண்ணம் இருக்கிறது. வெடுக்கு வெடுக்கென்று ஆடுகிற படகைக் கண்டால் பயம். மெதுவாக, தொட்டில் மாதிரிச் சாய்ந்து எழும்புகிற படகை நல்ல படகு என்பார்கள். வெடுக்கென்று ஆடுகிற படகுக்குத்தான் நிமிரும் வலு கூட. மெதுவாகச் சாய்ந்து, சாய்ந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுத் திரும்புகிற படகு கவிழ்வதற்குப் பக்கத்தில் நிற்கிறது. காலையில் போகும்போது வெடுக்கென்று ஆடிய படகு, வலையும் மீனும் ஏற்றித் திரும்பும்போது சுகமாக ஆடினால் சந்தோசப்படக் கூடாது, உடனே பாரத்தைக் கீழே இறக்க வேண்டும்.

இதைக் கடிகாரம் வைத்தே அளக்கலாம். காற்றில்லாத காலையில் நந்திக்கடல் போன்ற அமர்ந்த தண்ணீரில், அடி தட்டாத ஆழத்தில் படகை விடுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீரை முழுதும் இறைத்துவிடுங்கள். கட்டிய கயிறு தளர்ந்து கிடக்க வேண்டும். வெளியே நிற்கும் ஒருவர் விளிம்பை இரண்டு மூன்று முறை அமத்தி ஆட்டிவிட்டுக் கையை எடுக்க, உள்ளே இருப்பவர்கள் அசையாமல் இருக்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் போய், திரும்ப இடப்பக்கம் வந்தால் ஓர் ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கு எடுத்த நேரத்தை ஐந்தால் பிரியுங்கள். படகின் அகலத்தை மீற்றரில் எடுத்து 0.8 ஆல் பெருக்கி, ஓர் ஆட்ட நேரத்தால் பிரித்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் படகை நிமிர்த்தும் உயரம் மீற்றரில் கிடைக்கும்; அது கூடக் கூடப் படகுக்கு நிமிரும் வலு கூட. ஒன்றரை மீற்றர் அகலப் படகு 1.6 செக்கனில் ஆடினால் அது 56 சென்ரிமீற்றர். அதே படகு பாரத்தோடு 2.5 செக்கன் எடுத்தால் 23 சென்ரிமீற்றர்தான், பாதிக்கும் கீழே. கணக்கு அண்ணளவானது. ஒரு படகை இன்னொன்றோடு ஒப்பிடுவதை விட, அதே படகை வெறுமையாகவும் பாரத்தோடும் ஒப்பிடவே நன்றாக உதவும். ஆட்ட நேரத்தின் செக்கன், அகலத்தின் மீற்றரை விடக் கூடினால் கவனம் எடுக்க வேண்டும். ஒன்றரை மடங்கானால் அந்தப் பாரத்தோடு கரையை விடக் கூடாது என்பது எங்கள் கருத்து.

இனிப் பாரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். எஞ்சின், ஆள், எண்ணெய், வலை எல்லாம் சேர்த்து 700 கிலோ வருகிற படகில் 200 கிலோ ஈரவலையைத் தரையில் குவிக்காமல் இருக்கைப் பலகைக்கு மேலே, 40 சென்ரிமீற்றர் உயரத்தில் குவித்தால் முழுப் படகின் பாரமையமும் 11 சென்ரிமீற்றர் மேலே போகிறது. இருந்த இரண்டு பேர் எழும்பி நின்றால் இன்னும் ஏழு. ஆக 18 சென்ரிமீற்றர். மேலே சொன்ன 56 இல் மூன்றிலொரு பங்கு காற்றே இல்லாமல் போய்விட்டது. ஐஸ் பெட்டியை வலைக்கு மேலே தூக்கி வைப்பது, மண்ணெண்ணெய்க் கானை இருக்கையில் வைப்பது எல்லாம் இதே கணக்குத்தான். படகின் நடுவில், தரையில் வலைக்கென்று ஒரு தொட்டி போல இடம் விட்டு, மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமைய வேண்டும்.

ஆனால் உயரத்தை விட மோசமானது உள்ளே ஓடித்திரியும் தண்ணீர். கணுக்கால் நனையாத அளவு தண்ணீரைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை, "பிறகு இறைப்பம்" என்று விட்டுவிடுவார்கள். மூன்று மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமான தரையில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 150 லீற்றர். படகு சரிந்ததும் அவ்வளவும் தாழ்ந்த பக்கம் ஓடும். அந்த ஓட்டம் நிமிர்த்தும் உயரத்தில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரைத் தின்றுவிடும். அதே 150 கிலோ கட்டிய கானாக அடியில் இருந்தால் உதவி. கட்டில்லாமல் ஓடினால் எதிரி.

இறைப்பது முதல் வேலை. அடுத்தது, தண்ணீரை ஓடவிடாமல் மறிப்பது. தரைப் பலகைக்குக் கீழே ஏராவின் மேலாக நீளவாக்கில் 12 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு நடுப்பலகை வையுங்கள். இழப்பு அகலத்தின் மூன்றாம் அடுக்குப்படி போவதால், அகலத்தை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியிலும் எட்டிலொன்று, இரண்டும் சேர்ந்து நாலிலொன்று. முப்பது சென்ரிமீற்றர் ஏழு எட்டாக இறங்கிவிடும். குறுக்குப் பலகை இந்த வேலையைச் செய்யாது, கவனியுங்கள். அது தண்ணீர் முன்னுக்குப் பின்னுக்கு ஓடுவதைத்தான் மறிக்கும். நடுப்பலகைக்கு 9 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட்டை றெசின் பூசி எடுத்து, இருபக்கமும் கண்ணாடியிழைப் பாயால் அடியோடு ஒட்டலாம். பின்பக்க முடிவில் இரண்டு விரல் நுழைகிற துளை ஒன்று விட்டால் ஒரே இடத்திலிருந்து இறைக்க முடியும். அந்தச் சின்னத் துளையால் தண்ணீர் ஒரு ஆட்டத்துக்குள் ஓடித் தீராது.

படகு நிறைந்த பிறகு என்ன நடக்கும் என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும். காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில் வார்த்ததென்றாலும் தனியார் கொட்டிலில் வார்த்ததென்றாலும் கேள்வி ஒன்றுதான்: மிதப்புக்கு உள்ளே எத்தனை லீற்றர் இருக்கிறது, எங்கே இருக்கிறது? பைபர் தானாக மிதக்காது. 250 கிலோ வெறும் படகு தண்ணீருக்குள் ஏறத்தாழ 80 கிலோ பாரம் காட்டும். 25 குதிரைவலு எஞ்சின் 50 கிலோவுக்கு அண்மை, தண்ணீருக்குள் 35 என்று வையுங்கள். வலையின் நூல் தண்ணீரில் பாரமில்லை, ஈயம் அப்படியே பாரம்; 30 கிலோ ஈயத்துக்கு 27 கிலோ. இவ்வளவும் 142. நிறைந்த படகுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இருக்கும் மூன்று பேருக்கு ஆளுக்கு 25 கிலோவாவது சேர்த்தால் 217. ஒரு லீற்றர் மூடிய வெளிக்கு ஒரு கிலோ தூக்கும். எனவே 250 லீற்றருக்குக் குறையக் கூடாது.

எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. தரைக்குக் கீழே வைப்பது சுகமான வேலை, இடமும் மிஞ்சும். ஆனால் படகு நிறைந்ததும் கீழே இருக்கும் மிதப்பு மேலே வரப் பார்க்கும். படகு குப்புறப் புரண்டு அடிபார்த்துத்தான் மிதக்கும். பிடிக்க விளிம்பில்லாத வழுக்கல் முதுகில் இரவு முழுக்க மூன்று பேர் எப்படி இருப்பது? மிதப்பு விளிம்புக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரோடும் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டரை மீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் உயரம், 20 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு பக்கப் பெட்டி சரியாக 100 லீற்றர். பக்கத்துக்கொன்று, அணியத்தில் (படகின் முன்முனையில்) 50 லீற்றர். எஞ்சின் பின்னால் இருப்பதால் பக்கப் பெட்டிகள் நடுவிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

உள்ளே என்ன போடுவது? மீன்பெட்டி செய்கிற வெள்ளை றிஜிபோம் மலிவு, ஆனால் பெற்றோல் பட்டால் கரைந்து கூழாகும். மண்ணெண்ணெயும் அதை விடாது. அதன் மேல் நேரே பைபர் றெசின் பூசினால் றெசினே அதைத் தின்று உள்ளே பொந்தாக்கிவிடும். வெளியே பார்க்கப் பெட்டி அழகாக இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. றிஜிபோம்தான் கைவசம் இருக்கிறதென்றால் தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, பெட்டியைத் தனியாகச் செய்து உள்ளே அடுக்குங்கள். மஞ்சள் நிறத்தில் இறுகுகிற பொலியுரித்தேன் போம் என்றால் றெசினால் கெடாது. வெடிப்பு விழுந்தால் வருசக்கணக்கில் தண்ணீர் குடித்துப் பாரமாகும் என்பதுதான் குறை. காசில்லாத வழியும் உண்டு. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 170, மூடியை இறுக்கி, பழைய வலைத்துண்டில் பொதிந்து அடுக்கினால் 255 லீற்றர், இடையில் வெளி விழுவதால் பெட்டி மட்டும் சற்றுப் பெரிதாக வேண்டும். ஒன்று ஒழுகினால் போவது ஒன்றரை லீற்றர்தான். எங்கள் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் போத்தலை எண்ணினால் மாவட்டத்துக்கே போதும்.

போட்டதோடு விடாமல் சோதிக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 57 கிலோ மணல்மூட்டை கட்டுங்கள், தண்ணீருக்குள் எஞ்சினளவே பாரம் காட்டும். (மணல்மூட்டைக்கு உரிய வேலை இதுதான்.) இடுப்பளவு ஆழத்தில் படகை நிறைத்து மூன்று பேர் உள்ளே இருங்கள். விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். ஒருவர் பக்கத்துக்கு நகர்ந்தாலும் புரளக் கூடாது.

அகலம் குறைந்த படகுக்குப் பக்கத்தில் மிதப்புப் பட்டை ஒட்டுவது இன்னொரு வழி. ஒன்றரை மீற்றர் படகின் இருபக்கமும் 15 சென்ரிமீற்றர் சேர்த்தால் அகலம் 1.8; மூன்றாம் அடுக்கில் பார்த்தால் 1.7 மடங்கு. பட்டை முழு நீளத்துக்கும் போகாததால் அவ்வளவும் கிடைக்காது, கிடைப்பதே போதும். பட்டையின் கீழ்விளிம்பு, பாரம் ஏற்றிய நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே இருக்க வேண்டும். நிமிர்ந்து ஓடும்போது தண்ணீரில் இழுபடாது, சரிந்தால் உடனே தாங்கும். அணியத்திலிருந்து மூன்றிலொரு பங்கு தள்ளி, மெல்லியதாகத் தொடங்கி பின்பலகை வரை கொண்டுபோங்கள். அச்சுக்குப் பொலியுரித்தேன் போம், மேலே சதுர மீற்றருக்கு 450 கிராம் கண்ணாடியிழைப் பாய் மூன்று அடுக்கு. ஒட்டும் இடத்தில் பளபளப்பான மேற்பூச்சு முழுதும் அரைத்து எடுத்து, அசிற்றோனால் துடைத்த பிறகே றெசின் பிடிக்கும். பளபளப்பின் மேல் ஒட்டியது முதல் சீசனிலேயே உரிந்து தொங்கும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10 கிலோ கூடும், வலை இழுக்கும்போது கொஞ்சம் சிக்கும். அதற்காகப் பட்டையின் இரு முனையையும் கூர் இல்லாமல் மழுக்க வேண்டும்.

எஞ்சினை மாற்றிப் பெரிதாகப் போட்டால் கடல் தாங்கும் என்பது வீண் கதை. 25 க்குப் பதில் 40 குதிரைவலு போட்டால் 20 கிலோவுக்கு மேல் கூடுதல் பாரம் படகின் கடைசி முனையில், அதுவும் உயரத்தில் ஏறுகிறது. பின்பலகையில் வெட்டிய இடம்தான் படகிலேயே தாழ்வான இடம். வேகமாக வந்து சட்டென்று எஞ்சினைக் குறைத்தால் படகே எழுப்பிய அலை பின்னால் துரத்தி வந்து அந்த வெட்டுக்குள்ளால் ஏறும். எஞ்சினுக்கு முன்னால், ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் வரை விளிம்பு உயரத்துக்கு ஒரு குறுக்குச் சுவரும், ஏறிய தண்ணீர் வெளியே போக இரண்டு துளையும் இருந்தால் அது உள்ளே வராது. புது எஞ்சின் வாங்குபவர்கள் 15 அங்குலத் தண்டுக்குப் பதில் 20 அங்குலத் தண்டு எடுத்தால் பின்பலகையை ஐந்து அங்குலம் உயர்த்தலாம். புறப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடிமட்டத்தோடு வந்தால் அளவு சரி.

வலை இழுக்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு. 700 கிலோ படகு, நிமிர்த்தும் உயரம் 50 சென்ரிமீற்றர், விளிம்பு தண்ணீருக்கு மேல் 40 சென்ரிமீற்றர். மூன்று பேரும் ஒரே பக்கம் குனிந்து, வலை விளிம்பில் 50 கிலோ இழுத்தால் படகு ஏறத்தாழ 23 பாகை சரியும். மிஞ்சுவது ஒன்பது சென்ரிமீற்றர். ஒரு சிறு அலை போதும். ஒருவர் மற்றப் பக்கத்தில் இருந்தால் சரிவு 12 பாகைக்குள், மிஞ்சுவது 25 சென்ரிமீற்றர். படகை அசைக்கும் பெரிய பாரம் ஆட்கள்தான், வலை அல்ல. ஆகவே வலை எவ்வளவு பட்டாலும் ஒருவர் எதிர்ப்பக்கத்தை விடக் கூடாது. வலை பாரில் (கடலடிப் பாறையில்) கொழுவினால் பக்கத்தில் கட்டி எஞ்சினால் இழுக்கவே வேண்டாம். கயிற்றை அணியத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து இழுங்கள். கத்தி அணியத்திலும் பின்னாலும் ஒவ்வொன்று, கைக்கெட்டக் கட்டியிருக்க வேண்டும். நங்கூரமும் அணியத்திலிருந்துதான், பின்னால் கட்டினால் எஞ்சின் வெட்டு அலைக்கு நேரே நிற்கும்.

கிழக்கே நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களில் திரும்பி நுழையும்போது அணியத்தில் பாரம் இருக்கக் கூடாது. பின்னிருந்து அலை தூக்க, அணியம் குத்தி நிற்க, படகு குறுக்கே திரும்பிவிடும். மீனையும் வலையையும் நடுவுக்குச் சற்றுப் பின்னே கொண்டுவந்து, எஞ்சினைக் கூட்டிக் குறைக்காமல் ஓர் அலையின் முதுகிலேயே வர வேண்டும். மேற்கே பூநகரிப் பக்கம் சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) வருகிற அலை குட்டை, நெருக்கம், செங்குத்து. அங்கே நனைவதே கூடுதல் என்பதால் நடுப்பலகையையும் இறைப்பதையும் முதலில் பாருங்கள்.

கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்திடம் ஒரு வேண்டுகோள். படகு பதிவுக்கு வரும்போது நீளத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதுவதோடு, மிதப்பு எத்தனை லீற்றர், எங்கே இருக்கிறது என்பதையும், எத்தனை குதிரைவலு வரை பூட்டலாம் என்பதையும் எழுதிப் பின்பலகையில் ஒரு தகடாகப் பதிக்கச் சொல்ல வேண்டும். மானியமாகவோ நிவாரணமாகவோ கொடுக்கும் படகென்றால் நிறைத்துப் பார்க்கும் சோதனை செய்யாமல் கையளிக்கக் கூடாது. கடற்றொழிலாளர் சங்கங்கள் இதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆட்டச் சோதனைக்கு ஓர் அளவுநாடாவும் கடிகாரமும் போதும். ஒக்ரோபர் முடிவதற்குள், வாடைக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில் சங்கத்துப் படகு எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
படகு கட்டும், திருத்தும் தொழிலாளர் சிலர்,
முல்லைத்தீவு.